ஒரு பகலில் ஒரு நகரம்

நுழையும்முன்

பெருநகரத்துக்குச் செல்வோர் பலவற்றைக் காண விழைவர், காலமோ குறைவு. புகழ்பெற்ற கட்டடங்கள் பல இருக்க, எதைக் காண்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். ஆட்டையாம்பட்டியிலிருந்து சென்னைக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா செல்லும் மேல்நிலை மாணவர்களை முன்னிறுத்தி, அந்த அளவுகோலைத் தேடுகிறது இக்கட்டுரை.

கரும்பலகையில் பதினான்கு பெயர்கள்

சேலம் மாவட்டத்தின் தென்பகுதியில், நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த பேரூர் ஆட்டையாம்பட்டி. கைமுறுக்கு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வரும் ஊர். தறியோசையும் எண்ணெய்ச்சட்டியின் மணமும் கலந்த அதன் தெருக்களில் வளர்ந்த நாற்பது மாணவர்கள் சென்னைக்குச் செல்லத் திட்டமிடுவதாகக் கொள்வோம். அவர்களுள் பெரும்பாலோர்க்கு அதுவே முதற்பயணம். சுற்றுலாவுக்கான தொகை, சில வீடுகளில் பல நாள் முறுக்குப் பிழிந்து சேர்த்தது. சில வீடுகளில் தறிக்கூலியிலிருந்து ஒதுக்கியது. ஆகவே ஒரு மணிநேரம் வீணானாலும் அது யாரோ ஒருவரின் உழைப்பு வீணாவதாகும்.

வகுப்பில் ஆளுக்கொரு பெயர் சொல்லக் கரும்பலகை நிறைகிறது. சென்ட்ரல் நிலையம், ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், புனித ஜார்ஜ் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், புனித ஆண்ட்ரூ தேவாலயம், எல்.ஐ.சி. கட்டடம், வள்ளுவர் கோட்டம், கபாலீசுவரர் கோயில், பார்த்தசாரதி கோயில், சாந்தோம் தேவாலயம், ஆயிரம் விளக்கு மசூதி, சேப்பாக்கம் அரண்மனை, செனட் மாளிகை எனப் பதினான்கு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சேலத்தில் இரவு தொடர்வண்டி ஏறினால் விடியுமுன் சென்னை. மீண்டும் இரவு வண்டிக்குத் திரும்ப வேண்டும். உணவு, போக்குவரத்து, இளைப்பாறல் ஆகியவற்றைக் கழித்தால் கட்டடங்களுக்கென எஞ்சுவது 8 மணிநேரம். அதாவது 480 நிமிடம். பதினான்கால் வகுத்தால் இடமொன்றுக்கு 34 நிமிடம். நாற்பது பேர் பேருந்திலிருந்து இறங்கப் பத்து நிமிடம், எண்ணிப் பார்த்து ஏறப் பத்து நிமிடம். ஒரு கட்டடத்துக்குக் கிடைப்பது 14 நிமிடம். ஒரு முறுக்கைச் சுற்றி எண்ணெயிலிட்டு எடுப்பதற்குரிய பொறுமைகூட அந்தக் கட்டடத்துக்குக் கிடைக்காது.

நான் மேல்நிலை வகுப்பில் பயின்ற நாளில் இத்தகைய சுற்றுலா ஒன்றுக்குச் சென்றேன். ஒரே பகலில் பதினோர் இடங்கள். அன்று எழுதிய குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது. அதில் இடங்களின் பெயர்களும் சென்று சேர்ந்த நேரமும் உள்ளன. ஒரு தூணின் வடிவமோ ஒரு வளைவின் நிறமோ இல்லை. சென்ட்ரல் நிலையத்தின் அருகே சிவந்த கட்டடம் ஒன்றைப் பேருந்தின் சன்னல் வழியே கண்டோம். அது 1900 இல் திறக்கப்பட்ட மூர் சந்தை. நேரமில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1985 மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. இன்று அவ்விடத்தில் புறநகர் தொடர்வண்டி நிலையத்தின் கட்டடம் நிற்கிறது. எனக்கு அந்த அடுத்த முறை வரவேயில்லை.

நம் ஊர் தந்த கண்

கரும்பலகைப் பட்டியலைக் குறைப்பதற்கு முதலில் நம்மிடம் இருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டையாம்பட்டி மாணவர் வெறுங்கண்ணோடு சென்னைக்குச் செல்வதில்லை. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலை அவர் கண்டிருப்பார். கெட்டி முதலியார் எனப்படும் குறுநிலத் தலைவர்கள் எழுப்பிய அக்கோயிலில், கல்லிலேயே செதுக்கிய சங்கிலியும், யாளியின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையும் உள்ளன. இரதியின் சிற்பம் நிற்கும் இடத்திலிருந்து மன்மதனைக் காணலாம். மன்மதன் நிற்கும் இடத்திலிருந்து இரதியைக் காண இயலாது. தூண்களை எங்கே நிறுத்துவது என்பதைச் சிற்பி எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டிருக்க வேண்டும்!

நாமக்கல்லில் ஒரே பாறையாக எழும் குன்றின் இருபுறமும் குடைவரைகள் உள்ளன. எட்டாம் நூற்றாண்டளவில் அதியர் மரபினர் குடைவித்தவை அவை. திருச்செங்கோட்டு மலைமீது அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாறையைக் குடைந்து உண்டாக்கிய கோயில், கல்லை அடுக்கி எழுப்பிய கோயில், மலையுச்சியில் நிறுத்திய கோயில் என மூவகையையும் இவ்வட்டாரப் பிள்ளைகள் வீட்டுக்கு அருகிலேயே பெற்றிருக்கின்றனர்.

இதனால் முதல் அளவுகோல் பிறக்கிறது. ஊரில் காண முடியாததை நகரில் காண்க. இவ்வளவுகோலின்படி கபாலீசுவரர் கோயிலும் பார்த்தசாரதி கோயிலும் இப்பயணத்தில் விடுபடுகின்றன. வழிபாட்டுக்காகச் செல்வோர்க்கு இம்முடிவு பொருந்தாது. அவர்கள் வேறு பயணம் அமைத்துக்கொள்ள வேண்டும். கட்டடக் கலையைக் கற்கச் செல்வோர், தாரமங்கலத்தை மீண்டும் ஒருமுறை கூர்ந்து பார்ப்பதே அதற்கு ஈடாகும் என்பது என் துணிபு.

விடியலில் இரு வண்ணங்கள்

வண்டியை விட்டு இறங்கியவுடனேயே முதற்பாடம் தொடங்கிவிடுகிறது. சென்ட்ரல் நிலையம் 1873 இல் திறக்கப்பட்டது. சார்ஜ் ஆர்டிங் வகுத்த வடிவத்தைப் பின்னர் இராபர்ட் சிசோம் திருத்தி அமைத்தார். செந்நிறச் சுவர், நடுவே மணிக்கூண்டு, கூர்ந்த கோபுர முனைகள். பழைய திரைப்படங்களில் ஒருவர் சென்னைக்கு வந்துவிட்டார் என்பதைக் காட்ட இக்கட்டடத்தையும் எல்.ஐ.சி. கட்டடத்தையும் காட்டினாலே போதும், பார்ப்போர் புரிந்துகொள்வர்.

அங்கிருந்து சில அடி தொலைவில், முற்றிலும் வெண்மையாய் நிற்கிறது ரிப்பன் மாளிகை. சென்னை மாநகராட்சியின் தலைமையிடம். 1688 இல் தோன்றிய அம்மாநகராட்சி இந்தியாவிலேயே பழைமையானது. மாளிகைக்கு 1909 இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1913 நவம்பரில் திறப்பு நடைபெற்றது. ஏறத்தாழ ஏழரை இலட்சம் உரூபாய் செலவாயிற்று. வடிவமைத்தவர் ஆரிசு, கட்டி முடித்தவர் உலோகநாத முதலியார். உள்ளாட்சிக்கு உரிமை தந்த அரசப் பிரதிநிதி ரிப்பன் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

இவ்விரண்டையும் உள்ளே சென்று பார்க்க வேண்டியதில்லை. எதிர்ப்புறத்து நடைபாதையில் அரைமணி நேரம் நின்றால் போதும். சிவப்பும் வெள்ளையும் ஏன் என்று கேளுங்கள். ஒன்றில் செங்கல் தன் நிறத்தை மறைக்காமல் காட்டுகிறது. மற்றொன்றில் செங்கல்லின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி வெண்மை ஏற்றப்பட்டுள்ளது. சங்ககிரியில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுப்பதைக் கண்ட மாணவர்க்கு, அந்த வெண்மை எங்கிருந்து வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. சென்னைக் கொத்தர்கள் சுண்ணாம்பை நன்கு அரைத்து, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்துப் பளிங்குபோல் மெருகேற்றும் கலையில் பெயர்பெற்றிருந்தனர். காலை வெயில் படும்போது இரு கட்டடங்களையும் மாறிமாறிப் பாருங்கள். கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை.

நீதிமன்றமா, அருங்காட்சியகமா?

வகுப்பில் பெரும் வழக்கு எழுவது இவ்விடத்தில்தான். உயர் நீதிமன்றம் 1892 இல் திறக்கப்பட்டது. செந்நிறச் செங்கல், எண்ணற்ற குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடிகள், நீண்ட தாழ்வாரங்கள். இந்தோ-சாரசனிக் எனப்படும் கலப்புப் பாணியின் சிறந்த எடுத்துக்காட்டு அது. ஐரோப்பியக் கட்டட அமைப்போடு இந்திய-இசுலாமிய வளைவுகளையும் குவிமாடங்களையும் மாடங்களையும் இணைப்பதே இப்பாணி. தோற்றப் பொலிவால் மட்டும் முடிவு செய்வதானால் நீதிமன்றமே வெல்லும்.

ஆயினும் இரண்டாம் அளவுகோல் குறுக்கிடுகிறது. உள்ளே நுழைய முடிகிற கட்டடமா அது? பள்ளி மாணவர்க்கு ஏற்றது வெள்ளி இரவு புறப்பட்டுச் சனிக்கிழமை சுற்றும் பயணம். அன்று நீதிமன்ற அலுவல் இராது. வாயிலுக்கு வெளியே நின்று குவிமாடங்களை எண்ணலாமேயொழிய, தாழ்வாரத்தின் குளிர்ச்சியை உணர முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. நாள் அறியாது சென்று மூடிய கதவைக் கண்டு திரும்பிய பள்ளிக் குழுக்கள் உண்டு. சனிக்கிழமை அது திறந்திருக்கும்.

இவ்விரு கட்டடங்களுக்கும் உறவும் உண்டு. நீதிமன்றப் பணியை நிறைவு செய்த என்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரே அருங்காட்சியக வளாகத்தின் கட்டடங்களையும் வடிவமைத்தார். இரண்டையும் கட்டியெழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். ஆகவே நீதிமன்றத்தில் காண விரும்பியதன் பெரும்பகுதியை எழும்பூரிலேயே காணலாம். 1896 இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும், 1909 இல் திறக்கப்பட்டு இன்று தேசியக் கலைக்கூடமாக விளங்கும் கட்டடமும் அவ்வளாகத்தில் உள்ளன. பின்னதன் உயர்ந்த முகப்பு பதேபூர் சிக்ரியின் பெருவாயிலை நினைவூட்டுவது. ஆக்ராவுக்கு அருகிலுள்ள வாயிலொன்றின் சாயல் எழும்பூரில் எப்படி வந்தது என்னும் வினாவே மாணவர்க்கு ஒரு பாடம்.

நம்பெருமாள் செட்டியாரைப் பற்றி இன்னொரு செய்தி. கணித மேதை இராமானுசன் இங்கிலாந்திலிருந்து நோயுற்றுத் திரும்பியபின் தம் இறுதி நாள்களைக் கழித்தது சேத்துப்பட்டில் செட்டியாருக்குரிய இல்லத்தில்தான். கட்டட நூல்களில் வடிவமைத்தவர் பெயர் முதலில் வரும். கட்டியவர் பெயர் எங்கோ ஓர் ஓரத்தில் வரும். கல் சுமந்தோர் பெயர் வருவதேயில்லை. தறியில் நெய்தவர் பெயர் சேலையில் இல்லாதது போன்றது இது. நம் மாணவர்க்கு இதை எளிதில் உணர முடியும்.

அருங்காட்சியகத்துக்கு மூன்று மணிநேரம் ஒதுக்கலாம். 1851 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில் அமராவதிச் சிற்பங்கள், சோழர் காலச் செப்புத் திருமேனிகள், ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருள்கள் ஆகியன உள்ளன. அனைத்தையும் பார்க்க முயல வேண்டா. செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் திருமேனி முன் பத்து நிமிடம் நின்றாலே ஒரு மணிநேரத்துக்குப் பேசப் பொருள் கிடைக்கும்.

தெரிந்து தெளிவோம்

சென்னையின் கலங்கரை விளக்கம் நான்கு இடங்களில் அமைந்தது. 1796 இல் கோட்டைக்குள் இருந்த கட்டடத்தின் மேலும், 1844 இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் தனிக் கல்தூணிலும், 1894 இல் உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்திலும் விளக்கு எரிந்தது. 1977 முதல் மெரினாக் கடற்கரையிலுள்ள இப்போதைய கலங்கரை விளக்கம் பணியாற்றுகிறது. நீதிமன்றக் கோபுரம் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களுக்கு வழிகாட்டியது.

கிணறுகளின்மேல் நிற்கும் தேவாலயம்

எழும்பூரிலேயே புனித ஆண்ட்ரூ தேவாலயம் உள்ளது. சாந்தோம் தேவாலயத்தின் புகழ் இதற்கு இல்லை. எனினும் என் பட்டியலில் இதற்கே முதலிடம். காரணம் கண்ணுக்குத் தெரியாத பகுதியில் உள்ளது.

நம் வட்டாரத்தில் கிணறு வெட்டுவோர் சில அடிகளிலேயே பாறையைத் தொடுவர். வெடிவைத்துத் தகர்த்தே நீரைக் காண வேண்டியிருக்கும். எழும்பூர்ப் பகுதியின் மண்ணோ நெகிழ்ந்த மண். நீர் மேலேயே ஊறும். அத்தகைய நிலத்தில் பெருங்குவிமாடத்தைத் தாங்கும் கட்டடத்தை எப்படி நிறுத்துவது? தாமசு டி ஆவிலாந்து என்னும் பொறியாளர் இந்நாட்டு முறையொன்றைக் கையாண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை நிலத்துள் இறக்கி, அவற்றை நிரப்பி, அவற்றின்மேல் அடித்தளம் அமைத்தார். 1818 இல் தொடங்கிய பணி 1821 இல் முடிந்தது. நாம் நீருக்காக வெட்டும் கிணறு, அங்கே நீரையும் சேற்றையும் வென்று கட்டடத்தைத் தாங்கும் காலாயிற்று.

உள்ளே வட்டக்கூடம். அதைச் சூழ்ந்து பதினாறு தூண்கள். தலைக்குமேல் ஆழ்ந்த நீல நிறத்தில் விண்மீன்கள் பதித்ததுபோல் தீட்டிய குவிமாடம். இதன் முன்மாதிரி இலண்டனிலுள்ள புனித மார்ட்டின் தேவாலயம். முகப்பையும் ஊசிக் கோபுரத்தையும் அங்கிருந்து பெற்று, கூடத்தை மட்டும் வட்டமாக மாற்றிக்கொண்டனர். வழிபாட்டிடமாதலின் முன்னரே எழுதி இசைவு பெறுதலும், அமைதி காத்தலும் கடமை. முக்கால் மணிநேரம் போதும்.

வள்ளுவர் கோட்டம்: ஒரு தயக்கம்

தமிழாசிரியர் அமைக்கும் பயணத்தில் வள்ளுவர் கோட்டம் இல்லாமலா என்று நீங்கள் கேட்பீர்கள். என் முதல் அளவுகோலோ இதை விடச் சொல்கிறது. திருவாரூர்த் தேரின் வடிவத்தைப் பின்பற்றிய கல்தேர், கல் சக்கரங்கள், தூண்கள் என எல்லாம் நம் கண்ணுக்குப் பழகியவை. பழைய வடிவத்தை மீண்டும் செய்வது புதிய கட்டடக் கலையாகுமா என்ற ஐயமும் எனக்கு நெடுநாள் இருந்தது.

ஆனால் அதன் காலத்தை நோக்குங்கள். அது திறக்கப்பட்டது 1976 இல். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1959 இல், அண்ணா சாலையில் பதினான்கு தளங்களோடு எல்.ஐ.சி. கட்டடம் எழுந்துவிட்டது. தொழிலதிபர் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கிய பணி அது. அவர் 1954 இல் வானூர்தி விபத்தில் மறைந்தார். 1956 இல் காப்பீட்டுத் துறை நாட்டுடைமையாயிற்று. கட்டடம் புதிய நிறுவனத்தின் பெயரோடு நிறைவுற்றது. அலங்காரம் ஏதுமின்றி நேராக உயரும் அது சிலகாலம் இந்தியாவின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது.

அத்தகைய கட்டடங்கள் தலைதூக்கிய காலத்தில், கணபதி தபதி போன்ற மரபுச் சிற்பியர் கைகளில் உளி இன்னும் உயிரோடு இருந்தது என்பதற்குச் சான்று வள்ளுவர் கோட்டம். அவரே பின்னாளில் குமரிமுனையின் 133 அடி வள்ளுவர் சிலையையும் வடித்தார். தாரமங்கலத்தைக் கண்ட மாணவர், பல நூற்றாண்டுக்குப் பின் அதே தொழில்நுட்பம் என்னவாயிற்று என்று ஒப்பிட வேறிடமில்லை. அங்கே கல்லில் வெட்டப்பட்ட 1330 குறட்பாக்களும் உள்ளன. இக்காரணங்களால் என் ஐயத்தை ஒதுக்கி, நண்பகலுக்குப் பின் ஒரு மணிநேரம் தருகிறேன். எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணா சாலையில் செல்லும்போது பேருந்திலிருந்தே காணலாம். அது தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்றே நிற்பது.

மாலை வெயிலில் கடற்கரைச் சாலை

கோட்டை இப்பயணத்தில் இடம்பெறவில்லை. 1640 முதல் வளர்ந்த அதன் வரலாறு ஒரு முழுநாளைக் கேட்கும். ஒரு மணிநேரத்தில் அதைப் பார்த்துவிட்டதாகச் சொல்வது பொய்யாகும். எஞ்சிய மாலைப் பொழுது கடற்கரைச் சாலைக்கு உரியது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை 1879 இல் நிறைவுற்றது. சென்ட்ரல் நிலையத்தைத் திருத்திய அதே சிசோமின் படைப்பு. காலையில் பார்த்தவரின் கையெழுத்தை மாலையில் அடையாளம் காண முடிகிறதா என்று மாணவர்கள் சோதிக்கலாம். நான்கு மூலைக் கோபுரங்கள், குவிமாடங்கள், வண்ணம் தீட்டிய தூண்கள். அருகே, 1768 இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாசாவுக்காகக் கட்டப்பட்ட சேப்பாக்கம் அரண்மனை. இந்தியாவில் இந்தோ-சாரசனிக் பாணியின் தொடக்கம் எனப் பலரும் இதைக் குறிப்பர். ஆனால் கடற்கரைச் சாலையில் நின்றால் அரண்மனை தெரியாது. பொதுப்பணித்துறைக் கட்டடம் அதை மறைத்து நிற்கிறது. வாலாசா சாலைப் பக்கம் நடந்து சென்றே காண வேண்டும். பலர் அரண்மனையைப் பார்த்ததாக எண்ணி முன்கட்டடத்தைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான்.

அரண்மனையின் ஒரு பகுதியான கலசமகால் 2012 சனவரியில் தீக்கு இரையாயிற்று. மூர் சந்தையின் முடிவே இதற்கும் நேருமோ என அஞ்சினோம். மாறாக, பழைய முறையில் சுண்ணாம்புச் சாந்து அரைத்து, செங்கல் அடுக்கி, மரம் இழைத்து அதை மீட்டெடுத்தனர். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு செயல்படுகிறது. அச்சுவரின் அருகே நின்று, பழைய பூச்சு எது, புதிய பூச்சு எது என்று தேடிப் பாருங்கள். அதன்பின் கடலுக்குச் செல்லலாம். கடலைக் காணாமல் ஊர் திரும்பினால் வீட்டில் எவரும் ஒப்பமாட்டார்கள்.

கற்பவை கற்றபின்…

1. இக்கட்டுரையில் விடுபட்ட கட்டடங்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சேர்ப்பதற்காக எதை நீக்குவீர்கள் என்பதைக் காரணங்களோடு வகுப்பில் வாதிடுக.

2. உங்கள் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றின் (தறிக்கூடம், சத்திரம், பள்ளி, சாவடி, வீடு) சுவர்ப்பொருள், கூரை அமைப்பு, தூண்கள் ஆகியவற்றை நேரில் கண்டு எழுதுக. அதைக் கட்டிய கொத்தர் பெயரை முதியோரிடம் கேட்டறிந்து குறிப்பிடுக.

3. சென்னையிலிருந்து மாணவர்கள் ஒருநாள் பயணமாக உங்கள் வட்டாரத்துக்கு வருவதாகக் கொண்டு, தாரமங்கலம், நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய மூன்றனுள் எவ்விரண்டைக் காட்டுவீர்கள் எனப் பயணத்திட்டம் வரைக.